எங்க தெரு அம்மனுக்கு கவசம் பண்ணணும், வெள்ளியா செம்பா? பட்டறைக்காரங்க சொல்ற கணக்கு ஒண்ணும் புரியல

கல்மண்டபம்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துல எங்க சந்துக்குள்ள ஒரு எல்லையம்மன் கோயில் இருக்கு, சின்ன கோயில் தான், அறநிலையத்துறை கிட்ட இல்ல, தெருக்காரங்களே சங்கம் மாதிரி பதிவு பண்ணி பாத்துக்கறோம். தை மாசத்துக்கு அப்புறம் கும்பாபிஷேகம் வெக்கலாம்னு பேச்சு ஓடுது. அதோட அம்மனுக்கு ஒரு கவசம், முடிஞ்சா பின்னாடி வளைவா நிக்கற திருவாசி ஒண்ணு, ரெண்டும் கையால அடிச்ச வேலையா பண்ணணும்னு எல்லாருக்கும் ஆசை. நாங்கல்லாம் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர கவசத்தோடயே பாத்து வளந்தவங்க, கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி 3 நாள் மட்டும் கவசம் இல்லாம தரிசனம், அதுக்கு கூட்டம் எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி எப்பவும் சாத்தி வெக்கற கவசமா, இல்ல வெள்ளிக்கிழமை செவ்வாய்க்கிழமைக்கும் ஆடி மாசத்துக்கும் மட்டும் எடுக்கற கவசமான்னு கூட இங்க இன்னும் முடிவாகல.

விஷயம் என்னன்னா அம்மன் கருங்கல்லு, பீடத்தோட 2¾ அடி. பூசாரி முன்பக்கம் பூரா பேப்பர் ஒத்தி எடுத்து குடுத்தாரு, அத விரிச்சு அளந்தா கை பீடம் எல்லாம் சேத்து அஞ்சரை சதுர அடி வருது. இத எடுத்துக்கிட்டு சவுக்கார்பேட்டை பக்கம் அலைஞ்சோம். ஒரு பட்டறையில 1.8 கிலோ வெள்ளியில முடிச்சு தரேன்னாங்க. இன்னொருத்தர் அதே பேப்பர பாத்துட்டு 4 கிலோ இல்லாம நான் கை வெக்கவே மாட்டேன்றாரு. மூணாவது ஆளு, எதுக்கு வெள்ளி, ஜெர்மன் சில்வர்ல பண்ணுங்க பாக்க வெள்ளி மாதிரியே இருக்கும்னு சொல்றாரு. ஒரே அம்மனுக்கு எப்படி இவ்ளோ வித்தியாசம் வரும்?

இன்னும் ரெண்டு விஷயம். தெரு பொம்பளைங்க பழைய கொலுசு, மெட்டி, கொழந்தைங்க அரைஞாண் எல்லாம் குடுக்கறோம் அத உருக்கி போடுங்கன்னு சொல்றாங்க, அது சரிப்படுமா? அப்புறம் கோயில் ரூம்ல பழைய செம்பு திருவாசி ஒண்ணு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு, எந்த காலத்துதுன்னு யாருக்கும் தெரியாது, கமிட்டியில அதையும் உருக்கிடலாம்னு ஒரு கோஷ்டி. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பட்டறை_தூசி

தம்பி, நகாசு வேலை, அதாவது தகட்டுல உருவம் தட்டி எடுக்கற வேலை பண்ற குடும்பம் எங்களோடது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுமையா படிங்க.

நீங்க கேட்ட ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேரும் வேற வேற கனத்துல தகடு மனசுல வெச்சிருக்காங்க. வெள்ளி ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 10½ கிராம். ஒரு சதுர அடின்னா 929 சதுர சென்டிமீட்டர். தகட்டு கனத்த கேஜ்ல சொல்வோம், நம்பர் ஏற ஏற தகடு மெலிசு. 22 கேஜ் தகடுனா கனம் 0.71 மில்லி, சதுர அடிக்கு 690 கிராம் சில்லறை ஆகும். 24 கேஜ் 0.56 மில்லி, அதுக்கு 545 கிராம். இப்ப உங்க அஞ்சரை சதுர அடிய போட்டு பாருங்க, 22 கேஜ்ல 3.8 கிலோ, 24 கேஜ்ல 3 கிலோ. 4 கிலோ சொன்னவரு 22 கேஜ்ல வெட்டு கழிவு, கொக்கி எல்லாம் சேத்து சொல்லியிருக்காரு. 1.8 கிலோகாரரு? திருப்பி வகுத்தா 0.34 மில்லி வருது, அது 29 கேஜ். அந்த கனத்துல பூவேலை பார்டர் அடிக்கலாம், குடை கைப்பிடிக்கு சுத்தலாம், அம்மன் முகம் அடிக்க முடியாது. ஏன்னா நகாசுல தகட்ட பின்னாடி இருந்து தட்டித் தட்டி மேல எழுப்பறோம், எழும்பற எடத்துல தகடு இழுபட்டு மெலியும். மூக்கு நுனி, உதடு, தாடை இங்கல்லாம் பாதி கனம் கூட மிஞ்சாது. ரெண்டு வருஷம் சாத்தி கழட்டுனா மூக்குல ஓட்டை விழும். அதனால முகத்துக்கு மட்டும் 20 கேஜ் கேளுங்க, உடம்புக்கு 24 போதும், இப்படி பிரிச்சு பண்ணா எடையும் கட்டுக்குள்ள இருக்கும் முகமும் நிக்கும்.

ஜெர்மன் சில்வர்ல வெள்ளி ஒரு குண்டுமணி கூட கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேந்த கலவை. முரட்டு உலோகம் வேற, ஆழமா நகாசு அடிக்க வராது, மெஷின் டையில அழுத்துன சாமான் தான் அதுல நிறைய வரும். காசு இல்லன்னா தயங்காம செம்புல பண்ணுங்க. செம்பு தகடு 22 கேஜ் சதுர அடிக்கு 590 கிராம் தான், விலை வெள்ளி பக்கத்துலயே வராது, மிச்சப்படற காசு பூரா ஆசாரி கூலிக்கு போகும், அப்ப அவரு நிதானமா உக்காந்து வேலை செய்வாரு. செம்பு மாதிரி உளிக்கு இணங்கற உலோகம் இல்ல. அடிக்க அடிக்க இறுகும், அடுப்புல காட்டி இளக்கி மறுபடி அடிக்கலாம், எத்தனை தடவ வேணா. மேல வெள்ளி முலாமோ தங்க முலாமோ போட்டுக்கலாம், ஆனா முலாம் தேயும், சில வருஷத்துக்கு ஒருக்கா மறுபடி போடணும்னு தெரிஞ்சே போடுங்க.

எடை போடற எடத்துல தான் எல்லா கூத்தும். வேலை நடக்கும்போது தகட்ட அரக்கு மேல பதிச்சு வெப்போம், குங்கிலியம் செங்கல் பொடி எண்ணெய் சேத்து காய்ச்சுன அரக்கு. வேலை முடிஞ்சதும் அத சுட்டு எடுத்து சுத்தம் பண்ணணும். ஓரத்து மடிப்புல, கை விரல் உள்ள அரக்கு தங்கியிருந்தா அதுவும் வெள்ளி ரேட்ல உங்க தலையில விழும். அதே மாதிரி பித்தளை திருகு, கொக்கி, உள்ள குடுக்கற பட்டை. திருவாசின்னா தேக்கு சட்டத்து மேல தகடு போத்தி ஆணி அடிப்பாங்க, சட்டத்தோட எடை போட ஒத்துக்காதீங்க, தகட்ட தனியா எடை போட்டு எழுதி வாங்கிக்கிட்டு அப்புறம் சட்டத்துல ஏத்த சொல்லுங்க. சேதாரம் எவ்ளோன்னு முதல்லயே எழுதிக்கோங்க, வெட்டுன துண்டு யாருக்குன்னும் எழுதிக்கோங்க, பாதி பேரு இத பேசறதே இல்ல.

கை வேலையான்னு எப்படி தெரியும்னு அடுத்து கேப்பீங்க. பின்பக்கம் திருப்பி பாருங்க. கையில அடிச்சதுல சுத்தியல் உளி தடம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, டையில அடிச்சதுன்னா எல்லா பூவும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும். பார்டருக்கு டை போட்டா தப்புன்னு நான் சொல்லமாட்டேன், கூலி கொறையும், சொல்லிட்டு செய்யணும் அவ்ளோதான்.

கடைசியா அளவு. இப்ப எடுத்த பேப்பர் எஸ்டிமேட்டுக்கு ஓகே, வேலைக்கு ஆகாது. கும்பாபிஷேகத்துல சிலைய பீடத்தோட ஒட்ட வெக்கற அஷ்டபந்தன மருந்து சாத்துவாங்க இல்ல, அதுக்கப்புறம் பீடத்துகிட்ட மட்டம் மாறிடும், முன்னாடியே அளவெடுத்து பண்ண கவசம் அடியில உக்காராம தொங்கும். ஒண்ணு மருந்து சாத்தினப்புறம் அளவெடுங்க, இல்லன்னா பீடத்த தனி துண்டா கடைசியில பண்ணிக்கோங்க. கல்லு மேல நேரா பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் ஊத்தறேன்னு எவனாச்சும் சொன்னா வெளிய அனுப்புங்க. வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்ச கல்லு, நுணுக்கத்துல எல்லாம் பிளாஸ்டர் போய் அடைச்சுக்கும். மெல்லிசு துணி போட்டு அது மேல மெழுகு தகடோ களிமண்ணோ வெச்சு பூசாரி கையாலயே ஒத்தி எடுக்கலாம், ஆசாரி வெளிய நின்னு சொல்லிக் குடுப்பாரு.

பழைய_வண்ணை

இன்னா நைனா ஆளாளுக்கு வெள்ளி கேஜ் கிராம்னு கணக்கு போட்டுக்கினு கீறீங்க, ராத்திரி கோயிலுக்கு யாரு காவல்? கிரில் கேட்டு, ஒரு பூட்டு, ஒரு சிசிடிவி அதுவும் பாதி நாள் ஒர்க் ஆவாது. மூணு கிலோ வெள்ளிய அங்க வெச்சுட்டு வூட்ல எவனுக்கு தூக்கம் வரும்.

எங்க பக்கம் ஒரு கோயில்ல இதே தான் நடந்துச்சு. ஆசை ஆசையா வெள்ளி கவசம் பண்ணாங்க, அப்பால பயந்துக்கினு கமிட்டிக்காரரு ஒருத்தர் வூட்டு பீரோல வெச்சாங்க, அவருக்கும் இன்னொருத்தருக்கும் பேச்சு வார்த்தை நின்னு போச்சு, அம்மாவாசைக்கு கவசம் வரலன்னு தெருவே ரெண்டாச்சு. பேங்க் லாக்கர்ல வெச்சா ஞாயித்துக்கிழமை வெளிய எடுக்க முடியாது, ஆடியில கூழ் ஊத்தறது என்னிக்கு? ஞாயித்துக்கிழமை. வெள்ளிக்கிழமையே எடுத்துட்டு வந்தா ரெண்டு ராத்திரி ஆள் போட்டு காக்கணும், லாக்கர் ரெண்டு பேர் கையெழுத்துல இருக்கணும், அதுல ஒருத்தர் வெளியூர் போனா அவ்ளோதான்.

செம்புல பண்ணி நிரந்தரமா சாத்து. ஏழை அம்மன் இல்ல, புத்திசாலி அம்மன்.

தண்டையார்பேட்டை_அக்கா

தம்பி, எல்லாரும் எடையவே பேசறாங்க, நான் முகத்த பத்தி பேசறேன். நாங்க எங்க அம்மனுக்கு பண்ணப்ப பொம்பளைங்க யாரையும் பட்டறைக்கு கூட்டிட்டு போகல, கமிட்டி ஆம்பளைங்களே போய் ஓகே சொல்லிட்டு வந்துட்டாங்க. வேலை சுத்தம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா சாத்தின அன்னிக்கு எங்க மாமியாரு பாத்துட்டு இது யாரு வூட்டு அம்மான்னு கேட்டாங்க. காலண்டர்ல வர்ற அம்மன் மாதிரி ஒல்லி முகம், கூர் மூக்கு. எங்க அம்மன் அப்படி இல்ல, உருண்டை முகம், கன்னம் உப்பி, கண்ணு பெருசு, சந்தனக்காப்பு போட்டா அப்படியே பக்கத்து வூட்டு பாட்டி மாதிரி சிரிப்பா. வருஷக்கணக்கா அந்த முகத்த பாத்து அழுதவங்களுக்கு புது முகத்துகிட்ட பேச வராது, இதுக்கு கூலி சேதாரம் எதுலயும் கணக்கு கிடையாது.

அதனால சந்தனக்காப்பு அலங்காரம் போட்ட அன்னிக்கு நேரா ஒண்ணு, ரெண்டு பக்கம் ஒண்ணொண்ணு, கீழ உக்காந்து பாக்கற மாதிரி ஒண்ணு, இப்படி போட்டோ எடுத்து ஆசாரி கிட்ட குடுங்க. கீழ இருந்து எடுக்கறது முக்கியம், ஏன்னா நாம உக்காந்து தான பாக்கறோம், பட்டறையில அவரு முகத்த மேல இருந்து குனிஞ்சு பாத்து வேலை செய்வாரு. தகட்டுல இறங்கறதுக்கு முன்னாடி களிமண்ணுலயோ மெழுகுலயோ முகத்த மட்டும் செஞ்சு காட்ட சொல்லி, தெருவுல வயசானவங்க நாலு பேர கூட்டிட்டு போய் காட்டுங்க. அவங்க தலையாட்டினா தான் வெள்ளி வாங்கணும். கண்ண மட்டும் கடைசியில திறக்க சொல்லுங்க, நல்ல நாள் பாத்து, அத கோயில்லயே வெச்சு பண்ற ஆசாரிங்க இருக்காங்க.

கொலுசு குடுக்கறாங்கன்னு சொன்னீங்களே, அத வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆயிரம் ரூபா குடுக்க முடியாதவங்க கூட ஒத்த மெட்டி குடுப்பாங்க, அது அவங்க அம்மன் மேலயே இருக்குன்னு ஒரு திருப்தி. பழைய_வண்ணை அண்ணன் சொல்றது நியாயம் தான், ஆனா செம்புல பண்ணா அந்த மெட்டி எங்க போகும்?

பட்டறை_தூசி

அக்கா சொன்ன முகம் மேட்டர் நூத்துக்கு நூறு. கஸ்டமர் மெழுகு முகம் பாக்கணும்னு கேட்டாலே ஆசாரிக்கு பாதி பயம் போயிடும், பின்னாடி சண்டை வராது.

கொலுசு பத்தி. கொலுசுல திரும்பத் திரும்ப பத்த வெச்ச எடம் நிறைய, பத்த வெக்கற பொடியில செம்பு துத்தநாகம் எல்லாம் இருக்கும், அதனால டச், அதாவது நூத்துக்கு எவ்ளோ சுத்த வெள்ளின்ற கணக்கு, தாறுமாறா வரும். ஒரு ஜோடி 80 காட்டும், அடுத்தது 60 கூட காட்டாது. அப்படியே உருக்கி தகடு இழுத்தா ஓரம் விரிசல் விடும், நகாசுக்கு சுத்தமான வெள்ளி வேணும், மெத்துன்னு இருக்கணும். அதனால கொலுச எல்லாம் ஒரு நாள் கோயில்லயே வெச்சு யாரு குடுத்தது எவ்ளோன்னு நோட்டுல எழுதி, மொத்தமா உங்க கண்ணு முன்னாடி உருக்கி, கட்டிய டச் மெஷின்ல காட்டி, அந்த டச்சுக்கு எவ்ளோ சுத்த வெள்ளியோ அவ்ளோ மாத்தி வாங்கிக்கோங்க. உருக்கறதுக்கு முன்னாடி எடை, உருக்கினப்புறம் எடை, ரெண்டும் எழுதுங்க. அழுக்கு, மணி, அரக்கு எல்லாம் போய் எடை குறையும், அத முன்னாடியே எல்லார் கிட்டயும் சொல்லிடுங்க, இல்லன்னா கமிட்டி திருடிடுச்சுன்னு கத கட்டிடுவாங்க.

உடம்பு செம்பு, முகம் மட்டும் வெள்ளின்னு ஒரு வழி இருக்கு. முகத்துக்கு முக்கா சதுர அடி இருக்குமா, 20 கேஜ்ல அடிச்சாலும் எழுநூறு கிராம் கிட்ட தான். தெருவுல வர்ற கொலுசே அதுக்கு பாதி தேறும். முகத்த தனியா கழட்டற மாதிரி திருகு வெச்சுட்டா ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு போய் லாக்கர்ல வெச்சுக்கலாம், உடம்பு கவசம் கோயில்லயே இருக்கட்டும்.

கணக்குப்புள்ள

மூணு விஷயம் சொல்லிட்டு போறேன், போரடிச்சா மன்னிச்சுக்கோங்க.

வசூல் பூரா சங்கத்து பேங்க் அக்கவுண்ட் வழியா போகட்டும். 2017ல இருந்து ஒரு வேலைக்கு ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது, வாங்கினவங்களுக்கு வாங்கின அளவு அபராதம். பட்டறைக்காரர் கேஷ்னா விலை கம்மின்னு சொல்வாரு, அவரு மாட்டறதும் இல்லாம உங்க கிட்டயும் கணக்கு இருக்காது. பல தவணையா பிரிச்சு குடுத்தாலும் ஒரே ஆர்டர்னா ஒரே கணக்கு தான்.

வெள்ளி விலை இப்ப ஓடற ஓட்டத்துக்கு, முழு வெள்ளியையும் முதல்லயே கட்டியா நீங்களே வாங்கி பில்லோட பட்டறைக்கு குடுக்கறது நல்லது. பில்லுல 3 பர்சென்ட் ஜிஎஸ்டி இருக்கும். அப்ப பட்டறைக்கு கூலி மட்டும் தான பாக்கி, நாளைக்கு ரேட் ஏறிடுச்சு இன்னும் குடுங்கன்ற பேச்சுக்கே எடமில்ல. குடுக்கும்போது எடை டச் போட்டு அவரு கையெழுத்தோட ரசீது வாங்கணும், திருப்பி வாங்கும்போது அதே டச் வருதான்னு வேற கடையில மெஷின்ல காட்டணும். தங்கத்துக்கு இருக்கற மாதிரி ஹால்மார்க் கட்டாயம் வெள்ளிக்கு இல்ல, அதனால இந்த வேலைய நீங்களே தான் செஞ்சுக்கணும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், தகட்டு ஓரத்துல ஸ்க்ரூ கேஜ் வெச்சு கனம் பாருங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கூட கிடைக்கும் அந்த கருவி.

மூணாவது, பேரு போடற விஷயம். உபயம் இன்னார்னு திருவாசியிலயே வெட்ட ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது, ட்யூப் லைட்ல பேரு எழுதி வெளிச்சம் வராத கோயில் எத்தனை இருக்கு நம்ம ஊர்ல. கோயில் நோட்டுல எல்லார் பேரும், அம்மன் மேல யார் பேரும் இல்லன்னு முதல் மீட்டிங்லயே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.

அறநிலையத்துறை கோயிலுக்கு யாராச்சும் இத படிச்சிட்டு பண்ண போறீங்கன்னா, நேரா பட்டறைக்கு போகாதீங்க. உபயதாரரா கோயில் செயல் அலுவலர் (ஈ.ஓ.) கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், முடிஞ்சதும் துறை மதிப்பீட்டாளர் எடை தரம் பாத்து ரெஜிஸ்டர்ல ஏத்துவாங்க.

கும்பகோணம்_டு_கொருக்குப்பேட்டை

அந்த பழைய திருவாசிய உருக்காதீங்க. உருக்காதீங்க. எந்த காலத்துதுன்னு தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. நூறு வருஷத்துக்கு மேலனா 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வந்துடும், அப்ப அத உருக்கறது விக்கறது எல்லாம் வம்பு. முதல்ல எல்லா பக்கமும் போட்டோ எடுங்க, பின்பக்கம் ஏதாவது எழுத்து வெட்டியிருக்கான்னு பாருங்க, புளி போட்டு தேய்க்காதீங்க, எழுத்து இருந்தா அதோட போயிடும். எழும்பூர் மியூசியத்துல வெண்கலத்துக்குன்னே தனி காலரி வெச்சிருக்காங்க, அங்க போட்டோவ காட்டி கேக்கலாம். சமீபத்துதுன்னு உறுதியானா கூட ஒடஞ்ச எடத்துல பின்னாடி பட்டை குடுத்து தறையாணி (ரிவிட்) அடிச்சு சேத்துடலாம், புதுசு பண்ற செலவுல கால்வாசி ஆகாது. பழைய கைவேலை உங்க கிட்டயே இருக்கும்போது எதுக்கு புது திருவாசி?

இன்னொண்ணு, உங்க கோயில்ல உற்சவர் இருக்கா? நீங்க சொல்லவே இல்ல. இல்லன்னா கவசத்த விட்டுட்டு சுவாமிமலையில ஒரு ஐம்பொன் உற்சவர் வாங்குங்கன்னு சொல்வேன், ஆடியில வீதி உலா வரலாம், தெருவுல நடக்க முடியாதவங்க வாசலுக்கே அம்மன் போகும். அங்க இன்னும் மெழுகுல உருவம் பண்ணி, காவிரி வண்டல் மண்ணு பூசி, மெழுக உருக்கி வெளிய எடுத்து உலோகம் ஊத்தறாங்க, ஒரு அச்சுல ஒரு சிலை தான், அச்ச ஒடைச்சு தான் எடுக்கணும். உள்ள பொள்ளலா இல்ல, கனமா வார்க்கறது. மெழுகு உருவத்தோட எடையப் போல ஒரு 9 மடங்கு உலோகம் புடிக்கும், மெழுகு 3 கிலோன்னா சிலை 27 கிலோ வரும், தோள்ல தூக்க ஆள் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க. ஐம்பொன்னுன்னா தங்கம் நிறைய இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, பெரும்பகுதி செம்பு தான், தங்கம் வெள்ளி எல்லாம் பேருக்கு கொஞ்சம். உபயதாரர் வார்க்கற அன்னிக்கு நேர்ல போய் ஒரு பொட்டுத் தங்கம் உலோகம் உருக்கற மூசையில போடுவாங்க, அதுக்கு ஒரு தனி சந்தோஷம். தனியார் பட்டறை வேணாம்னா அரசாங்க கைவினை நிறுவனம் பூம்புகாரோட உற்பத்தி நிலையமே சுவாமிமலையில இருக்கு, விளக்குக்கு நாச்சியார்கோயில்.

கவசமே தான்னு முடிவுன்னா, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில உலோக சிற்பம் படிச்சு வந்தவங்க சென்னை சுத்தி இருக்காங்க, படம் போட்டு அளவு கணக்கோட பேசுவாங்க, அவங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

பழைய_வண்ணை

உற்சவரு ஐடியா சூப்பரு. ஆனா உங்க சந்து அகலத்துக்கு பல்லக்கு திரும்புமான்னு பாத்துக்கினு ஆர்டர் குடுங்கப்பா, எங்க தெருவுல பைக்கே ரிவர்ஸ் தான் எடுக்கணும்.

கல்மண்டபம்_பையன்

எல்லாருக்கும் பெரிய நன்றி, எல்லாத்தையும் ப்ரிண்ட் போட்டு நேத்து மீட்டிங்ல படிச்சு காட்டினேன். சண்டை வந்துச்சு, வராம இருக்குமா. வெள்ளி கோஷ்டி முழு வெள்ளி இல்லன்னா வேணாம்னு எந்திரிச்சே போயிட்டாங்க, அப்புறம் 1.8 கிலோ தகடு மூக்குல ஓட்டை விழும்ன்றத படிச்சதும் தான் உக்காந்தாங்க. இப்போதைக்கு பேச்சு முகம் வெள்ளி, உடம்பு செம்புன்னு நிக்குது, கொலுசு எடுக்கற நாள் ஆடிப்பூரம்னு எங்க அம்மாவும் பக்கத்து வூட்டு பெரியம்மாவும் அவங்களே முடிவு பண்ணி நோட்டும் வாங்கிட்டாங்க. உடம்பு கவசம் கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் தான், மருந்து சாத்தினப்புறம் அளவு. திருவாசிய உருக்கல, பின்பக்கம் ஏதோ கீறல் மாதிரி இருக்கு, எழுத்தா கோடான்னு தெரியல, போட்டோ எடுத்திருக்கேன், எழும்பூர் போகணும். உற்சவர் எங்களுக்கு இருக்கு, சின்னது, அதனால அது வேணாம்.

ரெண்டு கேள்வி பாக்கி. நல்ல நகாசு ஆசாரிய எப்படி கண்டுபிடிக்கறது, சவுக்கார்பேட்டையில பாதி கடை ஆர்டர் வாங்கி வெளிய தான் குடுக்கறாங்க போல. அப்புறம் நாங்க கடல்ல இருந்து கூப்பிடு தூரம், காசிமேடு காத்து சும்மா விடுமா, வீட்டு கேட்டே வருஷத்துல துருப்பிடிச்சு கொட்டுது. செம்பு என்ன ஆகும்?

பட்டறை_தூசி

கடைக்கு போகாதீங்க, கடையில இருந்து வேலை எங்க போகுதோ அங்க போங்க. தம்பு செட்டி தெரு காளிகாம்பாள் கோயில் விஸ்வகர்மா சமூகத்துக்காரங்க நிர்வாகம் பண்ற கோயில், வெள்ளிக்கிழமை அங்க போய் நாலு பேர விசாரிச்சா யாரு கையில உளி இருக்கு யாரு கையில விசிட்டிங் கார்டு மட்டும் இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் நம்ம பக்கத்துல கவசம் இருக்கற கோயில் எல்லாம் போய் பாருங்க, பத்து வருஷம் ஆன கவசம் எப்படி இருக்குன்னு பாருங்க, நேத்து பண்ணது எல்லாமே பளபளன்னு தான் இருக்கும். மூக்கும் விரல் நுனியும் ஒழுங்கா இருந்தா பூசாரி கிட்ட யாரு பண்ணதுன்னு கேளுங்க. ஆசாரி கிட்ட போனதும் பாதி முடிஞ்ச வேலைய காட்ட சொல்லுங்க, முடிஞ்சத இல்ல.

உப்பு காத்துல செம்பு துருப்பிடிச்சு கொட்டாது, கறுக்கும், விட்டா பச்சை பூக்கும். பச்சை தான் எதிரி, கறுப்பு ஒண்ணும் பண்ணாது. அபிஷேகத்துக்கு கவசத்த கழட்டிட்டு தான் செய்யணும், தயிர் எலுமிச்சை பட்ட கல்ல நல்லா துடைச்சு காய விட்டு அப்புறம் சாத்துங்க, ஈரத்தோட சாத்துனா பச்சை உள்பக்கத்துல இருந்து வரும், வெளிய தெரியவே தெரியாது. அதுக்குத்தான் கல்லுக்கும் கவசத்துக்கும் நடுவுல விரல் நுனி போற அளவு சந்து விட்டு பண்ண சொல்லுங்க. செம்புக்கு புளி போடலாம், ஆனா பூவேலை சந்துல புளி தங்குனா அங்கயே பச்சை பிடிக்கும், நிறைய தண்ணி விட்டு அலசி வெயில்ல காய வெச்சுட்டு தான் உள்ள எடுத்துட்டு போகணும். வெள்ளி முகம் எண்ணூர் மணலி புகைக்கு சீக்கிரமே கறுக்கும், கற்பூர புகை வேற. அதுக்கு புளியும் வேணாம் பவுடரும் வேணாம், பூந்திக்கொட்டை ஊற வெச்ச தண்ணி போதும். ப்ரஷ் போடாதீங்க, பழைய வேட்டித் துணி. புருவம் மூக்கு எல்லாம் உளியில இழுத்த கோடு, வாரா வாரம் ப்ரஷ் போட்டு தேய்ச்சா கொஞ்ச வருஷத்துல வழவழன்னு ஆயிடும்.

தண்டையார்பேட்டை_அக்கா

மெழுகு முகம் ரெடியானதும் இங்க போட்டோ போடு தம்பி. கீழ உக்காந்து எடுத்தது.